பொதுக் கட்டிடத்தின் கணினி மாதிரியும் பொதுச் சொத்தே

அரசுப் பணத்தில் எழும் மருத்துவமனை இரண்டு தலைமுறைக்காவது நிலைத்து நிற்க வேண்டும். அதை வடிவமைக்கும் கட்டிடக் கலைஞர் இன்று கோடுகளை மட்டும் வரைவதில்லை. சுவர், தூண், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் என ஒவ்வொன்றின் அளவும் தன்மையும் பதிந்த முப்பரிமாண மாதிரியைக் கணினியில் எழுப்புகிறார். ‘பிம்’ எனப்படும் இந்த முறையில், குழாய் எந்த உத்தரத்தில் இடிக்கும் என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தெரிந்துவிடும். கட்டி முடித்த பின் பழுது பார்க்கவும் விரிவாக்கவும் அதே மாதிரி கைகொடுக்கும். ஆகவே, கட்டிடத்தோடு அதன் மாதிரியையும், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில், அரசு கேட்டுப் பெற வேண்டும்.

இந்த நிபந்தனைக்கு வலுவான காரணம் இருக்கிறது. பிம் முறையில் பரவலாகப் பயன்படும் ‘ரெவிட்’ மென்பொருளை 2002இல் வாங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம், நிரந்தர உரிமம் விற்பதை 2016இல் நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ரெவிட்டின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஸாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் கட்டிடக் கலை நிறுவனங்கள், செலவு ஏறுகிறது, மென்பொருளோ போதிய அளவு வளரவில்லை என்று 2020இல் ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களுக்கே இந்த நெருக்கடி என்றால், 20 ஆண்டு கழித்துப் பழைய கோப்பைத் திறக்க முனையும் நகராட்சிப் பொறியாளர் என்ன செய்வார்?

மாற்று வழி புதிதல்ல. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ‘ஐஎஃப்சி’ கோப்பு வடிவம் 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரமானது. பின்லாந்து அரசின் சொத்து நிர்வாக அமைப்பு 2007 முதலும், நார்வே அரசின் கட்டிட நிர்வாக அமைப்பான ஸ்டாட்ஸ்பிக் 2010 முதலும் தங்கள் திட்டங்களுக்கு இந்த வடிவிலேயே மாதிரியைக் கேட்டு வாங்குகின்றன.

ஐஎஃப்சிக்கு மாற்றும்போது சில விவரங்கள் தொலைகின்றன என்பார்கள். உண்மைதான், ஓர் அளவை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் போய்விடும். அதற்காகத்தான் மூலக் கோப்பு, ஐஎஃப்சி இரண்டையும் கேட்க வேண்டும். பராமரிப்புப் பொறியாளருக்கு வேண்டியது எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்ற தகவல். முறையாக மாற்றிய ஐஎஃப்சியில் அது தங்கும். சிறிய அலுவலகங்களுக்குச் சுமை கூடும் என்பது இன்னொரு வாதம். முன்னணி மென்பொருள்கள் எல்லாமே இந்த வடிவில் சேமிக்கும். ஃப்ரீகேட், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளோடு இயங்கும் போன்சாய் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. உண்மையான சுமை பயிற்சிதான். அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம்.

நம் பொதுப்பணித் துறையும் உள்ளாட்சிகளும், கணினி மாதிரியோடு கட்டப்படும் ஒவ்வொரு திட்டத்தின் ஒப்பந்தத்திலும் இதை எழுத வேண்டும்: கட்டியபடியே திருத்திய மாதிரியை மூலக் கோப்பாகவும் ஐஎஃப்சி வடிவிலும் ஒப்பந்ததாரர் ஒப்படைத்து, அதிகாரிகள் ஐஎஃப்சி கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து சரிபார்த்த பிறகே இறுதித் தொகை வழங்கப்படும். மக்கள் பணத்தில் உருவான தகவலை மக்கள் கையில் நிறுத்த இந்த நிபந்தனை அவசியம்.