மூலம் கிடக்கிறது; உரை எங்கே?

‘எங்கள் பந்தயக் காரின் வடிவமைப்பைத் திறமூலமாக வெளியிட்டுவிட்டோம், சமூகம் முன்வந்து மேம்படுத்தலாம்’ என்னும் வகை அறிவிப்புகள் பொறியியல் மாணவர் அணிகளின் பக்கங்களில் அவ்வப்போது தென்படுகின்றன. கீழே வாழ்த்துகள் குவிகின்றன. இணைப்பைச் சொடுக்கினால் வந்து சேர்வதோ ஒரு சுருக்கக் கோப்பு. அதனுள் முழு வண்டியும் ஒற்றை ஸ்டெப் கோப்பாக உறைந்து கிடக்கும். எந்தக் குழாய் ஏன் அவ்விடத்தில் அமைந்தது, எவ்வளவு பாரத்தைக் கருதி அதன் தடிமன் முடிவாயிற்று, தடத்தில் ஓடியபோது எது முறிந்தது என்பன பற்றி ஒரு வரியும் இராது. எந்த உரிமத்தின்கீழ் வெளியாகிறது என்ற குறிப்பும் இராது. இதைத் திறமூலம் என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி. ஆயினும் இவர்கள் எதையோ ஒன்றை வெளியிட்டார்கள். எதையுமே வெளியிடாமல், பழைய கோப்புகளைப் பூட்டிவைத்திருக்கும் அணிகளின் அநீதி இதனினும் பெரிது. ஆகவே அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சில செய்திகள். கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டும் சிறு பந்தயக் கார்களுக்கான போட்டி 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. 1998இல் பிரிட்டனுக்குச் சென்றது. இன்று இந்தியாவிலும் நடக்கிறது. கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியைப் பலர் அறிந்திருக்கலாம். மொத்தம் 1000 மதிப்பெண்கள். பந்தய ஓட்டம் அதில் ஒரு பகுதியே. வடிவமைப்பை நடுவர்முன் விளக்கி நிறுவுவதற்கு மட்டும் 150 மதிப்பெண்கள் உண்டு. விதிகள் மிக நுணுக்கமானவை. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 1525 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். பெட்ரோல் இயந்திரத்துக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்லவேண்டும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் எஃகு வளையத்தின் குழாய் எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும் என்பதுவரை எழுதப்பட்டிருக்கிறது. இவ்விதிநூலை உலகில் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிப் படிக்கலாம்.

வினாத்தாள் பொதுச்சொத்து. விடைத்தாள் மட்டும் ஏன் இரகசியம்?

ஒரு வண்டி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மட்டுமே போட்டியில் ஓட அனுமதிக்கப்படுகிறது. அதன்பின் அது துறைக் கட்டடத்தின் மாடிப்படிக்கடியில் தூசி படிந்து நிற்கும். அதைக் கட்டியவர்கள் பட்டம் பெற்று வேலைக்குச் செல்வார்கள்; அவர்களுடைய மடிக்கணினியோடு கணக்கீடுகளும் சென்றுவிடும். அடுத்து வரும் மாணவர்கள் அதே 1525 மில்லிமீட்டருக்கும் அதே 20 மில்லிமீட்டருக்கும் முதலிலிருந்து விடை தேடுவார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் வயல்நடுவே நிற்கும் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இது எத்தகைய சுமை என்று எண்ணிப் பாருங்கள். அங்கே வழிகாட்டும் முன்னாள் மாணவர் எவரும் இல்லை. மாணவர்கள் தம் கைப்பணத்தைப் பங்குபோட்டுக் குழாய் வாங்குகிறார்கள். பெருநிறுவனப் புரவலர்களும் நீண்ட மரபும் உள்ள அணிகளோடு அவர்கள் அதே தடத்தில் அதே நாளில் போட்டியிட வேண்டும். இரகசியம் எல்லோரையும் சமமாகக் காப்பதில்லை. ஏற்கெனவே உள்ளவனிடத்தில் உள்ளதையே அது காக்கிறது.

‘வெளியிட்டால் பிறர் அப்படியே நகலெடுத்துவிடுவார்களே’ என்பது வழக்கமான மறுமொழி. போட்டியின் அமைப்பையே அறியாதவர் கூறவேண்டிய மறுமொழி இது. அறிந்தவர்களே கூறுவதுதான் வியப்பு. வடிவமைப்புத் தேர்வில் நடுவர் கேட்பது ‘என்ன செய்தாய்’ என்பதன்று, ‘ஏன் செய்தாய்’ என்பது. சஸ்பென்ஷன் கைகளின் நீளத்தை எங்கிருந்தோ பெயர்த்தெடுத்தவன் மூன்றாம் கேள்வியில் திணறுவான். நகலால் வெல்லமுடியாத தேர்வுக்கு நகலைக் கண்டு அஞ்சுவானேன்?

ஃபார்முலா ஒன்றைச் சான்று காட்டுவோரும் உண்டு. நல்லது, அதையே பார்ப்போம். 2007இல் ஃபெராரியின் தொழில்நுட்ப ஆவணங்கள் மெக்லாரன் அணியைச் சேர்ந்த ஒருவரிடம் கண்டெடுக்கப்பட்டதற்காக அவ்வணிக்கு 10 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. இரகசியத்துக்கு உலக விளையாட்டு வரலாற்றில் அதைவிடப் பெரிய மதிப்பு அரிதாகவே கொடுக்கப்பட்டிருக்கும். அதே ஃபார்முலா ஒன்றின் 2022ஆம் ஆண்டுத் தொழில்நுட்ப விதிகளில் ‘திறமூல உறுப்புகள்’ என்றே ஒரு வகை இடம்பெற்றது. இயக்கத் தண்டு, ஸ்டியரிங் சக்கரம் முதலிய சில உறுப்புகளை ஓர் அணி வடிவமைத்தால், அவ்வடிவமைப்பை எல்லா அணிகளும் காணும்படி பொதுச் சேமிப்பகத்தில் வைக்கவேண்டும். செலவைக் குறைப்பதே நோக்கம்; பொதுமக்களுக்கு அது திறக்கப்படவில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் கோடிகள் புரளும் களத்திலேயே, வெற்றியைத் தீர்மானிக்காத உறுப்பை ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டுபிடிப்பது வீண் என்று ஒப்புக்கொண்டார்கள். பிரேக் மிதியை மறைத்துவைக்கும் நம் மூன்றாமாண்டு மாணவர் எந்தக் கோட்டையைக் காக்கிறார்?

இனி, வெளியிட்டவர்களிடம் வருகிறேன். நான் பொறியாளன் அல்லன். மொழியியலில் முதுகலை முடித்து, அறிவு எழுத்தில் கைமாறும் முறைகளை ஆராய்ந்துகொண்டிருப்பவன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவேன். ‘சோர்ஸ்’ என்பதற்கு நாம் ‘மூலம்’ என்று சொல்கிறோம். அது நம் மரபில் தனித்து நிற்கும் சொல்லன்று. ‘மூலமும் உரையும்’ என்பதே பழைய நூல்களின் முகப்பில் காணும் தொடர். தொல்காப்பிய நூற்பா ஒன்றை இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் இன்றி எத்தனை பேரால் பயன்படுத்த இயலும்? உரையாசிரியர்கள் வேறுபடுவதும், ஒருவரை ஒருவர் மறுப்பதும், பாடவேறுபாடு குறிப்பதும் மூலத்துக்கு நேர்ந்த குறைகள் அல்ல. நூல் உயிரோடிருப்பதன் அடையாளங்கள். மென்பொருளாளர் ‘ஃபோர்க்’ என்பதும் ஏறத்தாழப் பாடவேறுபாடுதான்.

ஸ்டெப் கோப்பை இவ்வகையில் மூலம் என்றுகூடச் சொல்லமுடியாது. மென்பொருள் உலகில் மூலம் என்பது, திருத்தம் செய்வோர் விரும்பிக் கையாளும் வடிவம். கேட் மென்பொருளில் ஒரு பாகத்தை வரையும்போது, இந்தத் துளை அந்த விளிம்பிலிருந்து இவ்வளவு தூரம் என்ற உறவுகள் வரிசையாகப் பதிகின்றன. ஓர் அளவை மாற்றினால் தொடர்புடையவை தாமே மாறும். ஸ்டெப்பாக ஏற்றுமதி செய்தவுடன் அவ்வுறவுகள் பொதுவாக அழிந்துபோகின்றன. முகங்களும் விளிம்புகளும் மட்டும் எஞ்சுகின்றன. முப்பரிமாண அச்சுக்குரிய எஸ்.டி.எல். கோப்பில் அவையும் இல்லை, முக்கோணங்கள்தாம் உண்டு. இது கல்வெட்டின் ஒளிப்படத்தைக் கொடுத்துவிட்டு ‘பதிப்பித்துவிட்டேன்’ என்பதற்கு ஒப்பாகும்.

உரையோடு கூடிய வரைபடம் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரின் எளிய வடிவத்தைப் பின்பற்றி, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளைக்கொண்டு வீட்டிலேயே ஒரு காரைக் கட்டுவது எப்படி என்று ரான் சாம்பியன் என்பவர் 1996இல் ஒரு நூல் எழுதினார். 250 பவுனில் கட்டலாம் என்று நூலின் தலைப்பே அறிவித்தது; அத்தொகைக்குள் முடித்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஒவ்வொரு குழாயின் நீளமும் அதில் இருந்தது. எதை முதலில் பற்றவைப்பது என்பதும் இருந்தது. அளவுகளில் பிழைகளும் இருந்தன. கட்டியவர்கள் அப்பிழைகளைக் கண்டு, தொகுத்து, திருத்திய வரைபடங்களைத் தமக்குள் பகிர்ந்தார்கள். உயரமானவர்கள் அமரத்தக்க பெரிய சட்டகங்களும் பிறந்தன. ‘லோகாஸ்ட்’ என்ற பெயரில் அவ்வகைக் கார்களுக்கெனத் தனிப் பந்தயத் தொடரே உருவாயிற்று. எஸ்கார்ட் கிடைப்பது அருகியபோது, சியேரா காரின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு நூல் 2007இல் வந்தது. முதல் நூல் உரிம முறைப்படி திறமூலம் அன்று. சாதாரணப் பதிப்புரிமையுள்ள விற்பனை நூல்தான். உரை இருந்ததால் கூட்டுழைப்பு விளைந்தது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். வரைபடத்தைப் பார்த்துக் கட்டியவன் வளைவில் உயிரிழந்தால் யார் பொறுப்பு? மெய்யான கேள்வி. ஆனால் காரணம் எழுதப்படாத வரைபடமே ஆபத்தானது. இக்குழாயை மெலிதாக்கலாகாது என்று எவரும் சொல்லாதபோதுதான் அடுத்தவன் எடையைக் குறைக்க அதை மெலிதாக்குவான். மேலும், சேசிஸின் வலிமை விதிக்கு ஈடானது என்று காட்டும் கணக்கீட்டுப் படிவத்தை ஒவ்வோர் அணியும் போட்டிக்கு முன்பே ஒப்படைத்தாகவேண்டும். உரையின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். அதை வெளியிட ஏன் இத்தனை தயக்கம்?

உரிமம் எழுதாமல் விடுவதும் சிறு பிழையன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி வரைபடமும் ஒரு படைப்பு. அனுமதி எழுத்தில் தரப்படாவிடில் உரிமைகள் யாவும் ஆக்கியோரிடமே நிற்கும். ‘திறமூலம்’ என்று முகநூலில் எழுதுவதால் அது மாறாது. வன்பொருளுக்கென்றே செர்ன் ஆய்வகம் 2011இல் ஓர் உரிமத்தை வெளியிட்டது. 2020இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகள் உண்டு. திருத்தியவரும் தம் திருத்தத்தைத் திறக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வகையும் உண்டு. கட்டாயப்படுத்தாத வகையும் உண்டு. புரவலர் தந்த உறுப்பை வெளியிடலாகாது என்ற நிபந்தனை இருந்தால், அதன் விற்பனை எண்ணையும் பொருத்தும் அளவுகளையும் மட்டும் கொடுத்தால் போதும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது.

‘சமூகம் முன்வரும்’ என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் லோக்கல் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம், இணையச் சமூகத்தின் பங்களிப்போடு ராலி ஃபைட்டர் என்ற காரை வடிவமைத்தது. பொதுவெளியில் பெரும்புகழ் பெற்றது. 2022 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் குறிப்பது ஒன்றே: கூட்டுழைப்பு அழைப்பிதழால் வருவதன்று. சரியாகக் கேட்கப்பட்ட சிறு வினாவுக்குத்தான் அந்நியர் விடை சொல்வார்கள். ‘எங்கள் காரை மேம்படுத்துங்கள்’ என்றால் எவரும் வரமாட்டார். ‘இந்த முன் அப்ரைட்டில் இவ்விடத்தில் இரண்டுமுறை விரிசல் கண்டது, பாரக் கணக்கு இது, எங்கே தவறினோம்?’ என்றால் எங்கோ ஒரு பணிமனையில் இருப்பவர் பதில் எழுதுவார். தோல்வியை எழுத நாணுபவர் திறமூலம் என்ற பெயருக்கு ஆசைப்படக்கூடாது.

எங்கள் ஆய்வேடுகளுக்கு இந்நாட்டில் நேர்ந்தது என்ன என்பதையும் நினைவூட்டுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், முனைவர்பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பது கடமையாயிற்று. சோத்கங்கா தளத்தில் அவை எவருக்கும் திறந்திருக்கின்றன. திருட்டு நடக்கும் என்று அன்றும் சொன்னார்கள். பொதுப்பணத்தில் இயங்கும் கல்லூரியின் பணிமனையில், பொதுப்பணம் வாங்கித் தந்த கடைசல் இயந்திரத்தில் உருவான காரின் கணக்கீடுகளுக்கு மட்டும் இவ்வேற்பாடு பொருந்தாது என்பவர், காரணத்தை எழுத்தில் தரட்டும்.

அணிகளுக்கு என் கோரிக்கை மிகச் சிறியது. இப்பருவப் போட்டி முடிந்த மறுவாரம், வண்டி மாடிப்படிக்கடியில் போகும் முன், ஒரே ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுங்கள், மிதிப்பெட்டியாக இருக்கட்டும். கேட் கோப்பை அதன் உறவுகள் கெடாமல் கொடுங்கள். உரிமத்தை எழுதுங்கள். நான்கு பக்கத்தில் உரை எழுதுங்கள்: எதை எண்ணினோம், எதைக் கைவிட்டோம், எது உடைந்தது. தமிழிலோ ஆங்கிலத்திலோ அவ்வுரையைச் செப்பனிட்டுத் தர நான் இருக்கிறேன், உட்பெட்டியில் அனுப்புங்கள்.