தானே போட்டுக்கொண்ட கையெழுத்து

பைத்தானில் ஒரே கட்டளையில் ஒரு சர்வரை ஓடவிடலாம் என்பது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். எச்டிடிபி.சர்வர் என்ற தொகுதி மொழியோடு கூடவே வருகிறது. அதை எச்டிடிபிஎஸ் ஆக்குவதும் இன்று பெரிய வித்தை இல்லை. முன்பு எஸ்எஸ்எல் தொகுதியைச் சேர்த்து நாலைந்து வரிகள் நாமே எழுத வேண்டியிருந்தது. 2025-ல் வந்த பைத்தான் 3.14-ல் சான்றிதழ்க் கோப்பையும் சாவிக் கோப்பையும் கட்டளையிலேயே கொடுத்துவிடலாம்.

என் சண்டை அந்தச் சான்றிதழோடுதான். பலரும் ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்துத் தாங்களே ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறார்கள். திறந்தவுடன் உலாவி எச்சரிக்கிறது. உடனே நண்பர்களிடம், "அது சும்மாடா, அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே வா" என்கிறார்கள். இது தப்பு என்பது என் கட்சி.

எங்கள் வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒரு கம்பெனி தன் கணக்கைத் தானே தணிக்கை செய்து கையெழுத்துப் போட்டுக்கொள்வது போல. கணக்கு சரியாகவே இருக்கலாம். வெளியில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? போகிற வழியில் தகவல் மறைக்கப்படுவது உண்மைதான். யாரிடம் போய்ச் சேருகிறது என்பதற்குத்தான் சாட்சி இல்லை. அதே வைஃபையில் நடுவில் புகுந்த ஒருவன் தன் சொந்தச் சான்றிதழை நீட்டினாலும் அதே எச்சரிக்கைதான் வரும். நம் நண்பனும் பழக்க தோஷத்தில் அதே பொத்தானை அழுத்துவான். கடவுச்சொல் போயே போச்சு.

"தணிக்கையாளரே கோட்டை விட்டால்?" என்று கேட்கலாம். நியாயம்தான். 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஆனால் விஷயம் வெளிவந்ததும் உலாவிகள் அந்த நிறுவனத்தை ஒதுக்கின. அதே ஆண்டு அது திவாலானது. தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டவனை யார் ஒதுக்குவது?

காசு இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் இருந்தால் போதும்.

உங்கள் கணினியில் நீங்களே சோதித்துப் பார்க்கச் சுயச் சான்றிதழ் தாராளமாகப் போதும். அடுத்தவருக்கு முகவரி கொடுக்கும் நாளில் முறையான சான்றிதழ் வாங்குங்கள். சர்வரையும் மாற்றிவிடுங்கள், எச்டிடிபி.சர்வர் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது.

எச்சரிக்கையை மதிக்காமல் தாண்டுகிற பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, நாளை போலி வங்கித் தளத்தில் அவன் ஏமாந்தால் அவனை முட்டாள் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?