நேயர் கொடுக்காத தீர்ப்பு

எங்கள் தெருமுனைத் தையற்கடை அண்ணாச்சியின் மெஷினுக்கு மேலே, சுவரில், பச்சை மையில் ஒரு போன் நம்பர் எழுதியிருக்கிறது. உள்ளூர் எஃப்.எம். நிலையத்தின் நம்பர். காலை பத்து மணிக்கு அதில் ஒரு நிகழ்ச்சி வரும். மேலத் தெருவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் சொல்வார். ஆறு மணி டவுன் பஸ் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது என்று ஒரு மாணவி சொல்வாள். நடுவில் இரண்டு பாட்டு. தெரிந்த குரல் வந்துவிட்டால் அண்ணாச்சி பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். "பால்காரர் வீட்டம்மால்லா பேசுது!" என்று எங்களைப் பார்ப்பார். பேச்சு முடிகிற வரை சட்டைத்துணி ஊசிக்கு அடியில் அப்படியே கிடக்கும்.

ஒரு திங்கட்கிழமை அந்த நிகழ்ச்சி வரவில்லை. அறிவிப்பு இல்லை, நடத்திவந்த பெண் நேயர்களிடம் விடைபெறவும் இல்லை. அவர் இடத்தில் சென்னையிலிருந்து பல ஊர்களுக்கும் சேர்த்துப் பேசும் ஒரு குரல், கத்திப்பாரா நெரிசலைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது. நிலையத்தில் வேலை பார்த்த நண்பரிடம் காரணம் கேட்டேன். "போட்டி சார். பேசினா ஜனங்க ஸ்டேஷன மாத்திடுறாங்க" என்றார்.

அவர் சொன்னது அவர் சொந்தக் கருத்து இல்லை. விளம்பர நிறுவனம், நிலைய நிர்வாகம், வேலையை விட்டுவிட்ட ஆர்ஜேக்கள் என்று யாரைக் கேட்டாலும் இதே வாக்கியம்தான் வரும். தனியார் நிலையங்கள் பெருகின, போட்டி வந்தது, நேயர் பாட்டைத் தேர்ந்தெடுத்தார், பேச்சு தோற்றது. ஆகவே நிகழ்ச்சிகளைக் கலைத்துப் போட்டதும் ஆட்களை மாற்றியதும் மக்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட செயல். இதில் ஒரு பகுதிகூட எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் இந்தத் தீர்ப்பை எண்ணியவர் யார் என்று கேட்போம். இந்தியாவில் வானொலி நேயர்களைத் தொடர்ந்து கணக்கிட வந்த 'ராம்' என்ற அளவீடு 2007-இல் மும்பை, டெல்லி, பெங்களூருவில் தொடங்கியது. பிறகு கொல்கத்தா சேர்ந்தது. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. மதுரை, கோவை, திருநெல்வேலி பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த அளவீடும், தேர்ந்தெடுத்த சிலர் எந்த நிலையத்தை எப்போது கேட்டார்கள் என்று தாங்களே குறிப்பேட்டில் எழுதித் தருவதுதான். பேச்சு வந்த நொடியில் ஒருவர் குமிழைத் திருப்பினாரா என்று அது காட்டாது. மற்றபடி நிலையங்கள் காசு கொடுத்து எடுக்கும் சர்வேக்கள் உண்டு. அவற்றில் ஆளுக்கு ஒரு கணக்கில் முதலிடம் கிடைத்துவிடுகிறது. எங்கள் ஊர் நேயர் பேச்சை வெறுத்தார் என்பதற்கு எண்ணிக்கை ஏதும் என் கண்ணில் பட்டதில்லை. கேட்டால், "அனுபவத்துல தெரியும் சார்" என்பார்கள்.

அந்த அனுபவத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். இரண்டு பாட்டுக்கு நடுவே ஆர்ஜே பேசுவதை நிலையங்களில் 'லிங்க்' என்பார்கள். அந்த லிங்க்கில் சினிமாக் கிசுகிசு, அறியாத ஒருவருக்குப் போன் போட்டு ஏமாற்றுவது, காதலர் தினத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கும் கொஞ்சல் எல்லாம் வந்தால் மக்கள் மாற்றத்தான் செய்கிறார்கள். நானும் மாற்றுகிறேன். தன் தெருவைப் பற்றிய பேச்சு வந்தபோது மெஷினை நிறுத்திய மனிதரையும் நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பேச்சு என்று கேட்காமல் பேச்சையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

அடுத்தது போட்டி. 1999-இல் தனியார் எஃப்.எம்.முக்குக் கதவு திறந்தது. 2001-இல் பெங்களூருவில் முதல் தனியார் நிலையம் வந்தது. சென்னைக்கு அடுத்த சில ஆண்டுகளில் சூரியனும் மிர்ச்சியும் வந்தன, 2006 வாக்கில் ஹலோ, பிக், ரேடியோ சிட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. இத்தனை பேர் வந்தும் ஒரே மாதிரிப் பாட்டு ஏன்? அரசின் தனியார் எஃப்.எம். கொள்கையின் முதல் கட்டத்தில் ஏலத்தொகையே ஆண்டுக் கட்டணம், அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும். அதில் மூச்சுத் திணறிய நிலையங்கள் பல. இரண்டாம் கட்டத்தில் ஒருமுறை நுழைவுக் கட்டணம், பிறகு மொத்த வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். ஆனால் நுழைவுக் கட்டணத்துக்கு ஏலம் நடந்தது. கூடவே ஓர் ஊரில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு நிலையம்தான் என்று விதி. கோடிகளைக் கொட்டி ஒரே ஒரு கடை போடுகிறவர் தெருக்கோடியில் மருந்துக்கடை போட மாட்டார், பஸ் ஸ்டாண்டில் டீக்கடைதான் போடுவார். பக்கத்தில் ஏற்கெனவே ஐந்து டீக்கடை இருந்தாலும் ஆறாவதும் டீக்கடையாகத்தான் இருக்கும். ஒரே கூட்டத்தை, ஒரே புதுப்படப் பாட்டைக் கொண்டு இழுக்க ஆறு பேர் முண்டியடித்தார்கள். அதில் பேச்சு கலந்துகொள்ளவே இல்லை, பிறகு எங்கே தோற்பது?

அதோடு, பாட்டு மலிவு. 2010-இல் பதிப்புரிமை வாரியம், நிலையங்கள் இசை உரிமையாளர்களுக்கு நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த பத்தாண்டு அந்தக் கணக்குதான். ஒரு மணி நேரம் நல்ல பேச்சு வேண்டுமென்றால் விஷயம் தேட ஒருவர், போனை எடுத்து நேயரிடம் முன்கூட்டிப் பேச ஒருவர், நடத்த ஒருவர் வேண்டும். பாட்டுக்குக் கணினியில் பட்டியல் போட்டால் போதும். எது வெட்டுப்படும் என்பதைக் கணக்குப்பிள்ளை முடிவு செய்தார். மூன்றாம் கட்ட விதிகள், ஒரு நிறுவனம் தன் நிலையங்களை நாடு முழுக்க இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்ப அனுமதித்தன. எங்கள் காலைப் பத்து மணி போனது இந்த வழியில்தான். நண்பர் அதை நேயர்மேல் போட்டார்.

எனக்கு மிகவும் வலிப்பது மூன்றாவது விஷயம். தனியார் எஃப்.எம். நிலையம் தன் செய்தியைத் தானே சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை வேண்டுமானால் ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை சிலவற்றை 'செய்தி அல்லாதவை' என்று பிரித்து அனுமதித்தது: போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, பிறகு மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்ற பொது அறிவிப்புகள். கடைசி வகைக்கு ஒரு கொக்கி உண்டு, அவை உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்புகளாக இருக்க வேண்டும். "நாளை குடிநீர் வராது" என்று மாநகராட்சி சொன்னால் ஆர்ஜே படிக்கலாம். ஏன் வராது, சென்ற வாரமும் ஏன் வரவில்லை, குழாய் மாற்ற ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று தானே விசாரித்துச் சொன்னால் அது செய்தி. எங்கள் காலை நிகழ்ச்சிகூட இந்தக் கோட்டின் ஓரத்தில் பயந்து பயந்துதான் நடந்தது. நேயர் புலம்பலாம், நடத்துகிறவர் "சீக்கிரம் சரியாகட்டும்" என்று சொல்லிப் பாட்டுக்குப் போய்விட வேண்டும்.

வாயைக் கட்டிவிட்டு, பாட்டோடு போட்டி போட்டுத் தோற்றாய் என்று சொல்வது என்ன நீதி? வீட்டுக்கு வீடு தனியார் தொலைக்காட்சிகள் இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி சொல்கின்றன. நாளிதழ் நடத்தும் குழுமங்களே எஃப்.எம்.மும் நடத்துகின்றன. காலையில் தாளில் அச்சிட்டதை அவர்கள் தங்கள் வானொலியில் வாசிக்க முடியாது. இந்தத் தடை ஏன் என்றதற்கு, என்ன ஒலிபரப்பாகிறது என்று கண்காணிக்க ஏற்பாடு இல்லை, பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-இலேயே சொன்ன நீதிமன்றம் அது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

கட்டு இல்லாத இடத்தில் தமிழ் வானொலி எப்படி இருக்கிறது என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. இலங்கையில் 1998-இல் சூரியன் எஃப்.எம்.மும் சக்தி எஃப்.எம்.மும் சில மாத இடைவெளியில் வந்தன, 2008-இல் வெற்றி வந்தது. அங்கேயும் கடும் போட்டிதான். அறிவிப்பாளர்கள் நிலையம் விட்டு நிலையம் போவதும், அவர்களோடு நேயரும் போவதும் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த நிலையங்களுக்குச் சொந்தச் செய்திப் பிரிவு இருக்கிறது. பாட்டும் செய்தியும் நேயர் குரலும் ஒரே அலைவரிசையில் இருக்கின்றன, செய்தி வந்தால் நேயர் ஓடிவிடுவார் என்று யாரும் அதை நிறுத்தவில்லை. இலங்கை வானொலிக்காகவே ரேடியோப் பெட்டியைத் திருகிய தலைமுறை நம் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. மயில்வாகனத்தையும் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். பாட்டுக்காக மட்டுமல்ல, குரலுக்காகவும்தான் பெட்டியின் முள்ளை அங்கே நிறுத்தினார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பதுதான் அடுத்த வாதம். அந்தக் காலத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயலில் நட்ட பயிருக்கு வானொலியின் பெயர்! விதை அளவும் நடவு இடைவெளியும் உரக் கணக்கும் சொன்ன பேச்சு அது, மெட்டு ஏதும் கிடையாது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' சில நிமிடங்கள்தான். அவசரமில்லாத ஒரு குரல், ஒரு சின்னக் கதை, முடிவில் ஒரு சிரிப்பு. அதைக் கேட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியவர்களை நான் அறிவேன். இன்றைக்கும் யூடியூபில் இரண்டு மணி நேர நேர்காணலைச் சமைத்துக்கொண்டே கேட்கிறார்கள், லாரி ஓட்டிக்கொண்டே கேட்கிறார்கள். பேச்சுக்குப் பசி குறையவில்லை. ஆனால் சென்னை ஸ்டுடியோவில் பதிவாகும் நேர்காணல் எங்கள் மேலத் தெருக் குழாயைப் பற்றிப் பேசாது. அதை உள்ளூர் வானொலிதான் செய்ய முடியும்.

பாம்பனில் 2016 முதல் 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி அதைச் செய்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று மீனவர்களின் பேச்சிலேயே சொல்கிறது. சமுதாய வானொலிக்கு அனுமதித்த திறன் 100 வாட் அளவுதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் குரல் கரைந்துவிடும். அதற்குள் இருப்பவர்களுக்கு அது போதும்.

அமெரிக்காவைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு: கட்டுப்பாட்டை எடுத்தார்கள், பேச்சு வானொலி செழித்தது. பாதிதான் சரி. 1987-இல் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி போனது. 1988 முதல் ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் நாடு முழுக்கப் பேசினார். 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்திடம் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. செழித்தது தேசியப் பேச்சு, ஊர்ப்பேச்சு இடம் இழந்தது. 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு பரவியது. நகரின் ஆறு வணிக வானொலிகளும் அந்த ஒரே நிறுவனத்துடையவை. எச்சரிக்கை சொல்ல அதிகாரிகள் நள்ளிரவில் நிலையத்தைத் தொடர்புகொண்டபோது உடனே ஆள் கிடைக்கவில்லை. தவறு நிலையத்துடையதா, எச்சரிக்கைக் கருவியைக் கையாண்டவர்களுடையதா என்று பிறகு வாதம் நடந்தது. ஆறு நிலையம் இருந்தும் ஊருக்கு ஒரு குரல் கிடைக்காத இரவு அது. கட்டை அவிழ்ப்பது வேறு, ஊரை ஒருவர் கையில் கொடுப்பது வேறு. நான் கேட்பது முதலாவதை மட்டும்.

நமக்கும் அப்படி இரவுகள் வந்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எஃப்.எம். ஆர்ஜேக்கள் பாட்டை ஓரங்கட்டி உதவி எண்களைப் படித்தார்கள். ஆர்ஜே பாலாஜி போன்றவர்கள் நிவாரணப் பொருள் சேர்க்கும் வேலையிலேயே இறங்கினார்கள். அன்றைக்குப் பேச்சு வேண்டாம் என்று யாரும் நிலையம் மாற்றியதாக நான் கேள்விப்படவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள். கரண்ட் இல்லை, செல்போன் டவர் விழுந்துவிட்டது. பழைய பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்து, எந்தப் பாலத்தில் தண்ணீர் போகிறது என்று தெரிந்துகொள்ளத் திருகினேன். பிடிபட்ட ஒரு நிலையத்தில் பாட்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பாட்டுகள்தான். அன்றைக்கு அவை எனக்கு எதற்கு?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, 234 நகரங்களில் 730 புதிய எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. இதுவரை தனியார் வானொலியே இல்லாத ஊர்கள் அவை. திண்டுக்கல், கரூர், காரைக்குடி, தஞ்சாவூர் அதில் உண்டு. ஏலத்துக்கு முன் உரிமத்தில் இரண்டு வரி சேர்க்க முடியும். ஊர்ச் செய்தி சொல்லலாம் என்பது ஒன்று. நாளில் இத்தனை மணி நேரம் அந்த ஊரிலேயே ஆள் உட்கார்ந்து நேரலையில் பேச வேண்டும் என்பது மற்றொன்று. ஏலம் முடிந்த பிறகு அவற்றைச் சேர்ப்பது கடினம், பணம் கட்டியவர் ஒப்ப மாட்டார்.

போன வாரம் பேண்ட் அளவைக் கொடுக்கப் போனபோது அண்ணாச்சி கடையில் ரேடியோ ஓடவில்லை. பழுதா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. பாட்டு கேக்கதுக்கு ரேடியோ எதுக்கு? பேரன் போன்லயே போட்டுத் தாரான்."