எஞ்சின் திணறினால் மண்ணெண்ணெயா குற்றவாளி?

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஒரு படகின் எஞ்சின் திணறினால், அதற்கான விளக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது: "மண்ணெண்ணெயில் ஓட்டினால் இப்படித்தான்." கராஜ்காரர் அதைச் சொல்கிறார், எஞ்சின் விற்பவர் சொல்கிறார், கரைக்கு வந்துபோகும் அதிகாரியும் சொல்கிறார். எங்கள் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவர்களும் அதையே கேட்டு எழுதிவிடுகிறார்கள். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பை ஏற்க நான் தயாரில்லை.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். சிலாபம், உடப்பு, கற்பிட்டி, அங்கிருந்து பத்தலங்குண்டுத் தீவு வரை, சிறு கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறம் பூட்டப்பட்டிருக்கும் எஞ்சின்களில் பல இரட்டை எரிபொருளுக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. யமஹாவின் ஈ.கே. வரிசை இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். பெற்றோலில் கிளப்பவேண்டும். எஞ்சின் சூடானதும் குழாய்த் திருகியை மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு வந்து, கபுறேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்கவேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு என்பதால் இவற்றின் அமுக்க விகிதத்தையும் குறைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே இது மீனவரின் குறுக்குவழி அல்ல. பெற்றோலுக்கு மட்டுமே செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது தட்டும், கெடும். அது வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் இந்தத் தீர்ப்பின் முதற் பிழை இருக்கிறது.

கற்பிட்டிப் பக்கத்தில் ஒருவர், "நானா, இது பழைய மண்ணெண்ணெய் எஞ்சின், கபுறேற்றரை மாற்றினாலும் உத்தரவாதம் தர ஏலாது" என்று சொல்லிப் பணம் கேட்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன். குழாய்த் திருகியை ஒருமுறைகூட அவர் தொடவில்லை. இரண்டு எரிபொருளில் ஓடும் எஞ்சினில் நோயறியும் கருவி எஞ்சினிலேயே இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. நன்றாகச் சூடான பின் எரிபொருளை மாற்றிப் பார்த்தால் போதும்.

பெற்றோலில் ஒழுங்காக ஓடி, மண்ணெண்ணெயில் மட்டும் திணறினால் பிளக்கையும் கொயிலையும் முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்த் தாங்கியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயோ கைப்பம்புப் பந்தோ வெடித்துக் காற்றை இழுக்கலாம். எஞ்சின் சூடாகும் முன்பே திருகியைத் திருப்பியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போகும். இரண்டிலும் திணறினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்கவேண்டும்: பிளக், கொயில், கபுறேற்றர், அமுக்கம். மண்ணெண்ணெயில் நன்றாக ஓடி, பெற்றோலில் மட்டும் திணறுவதும் உண்டு. பலருக்கு இது வியப்பாக இருக்கும். சிறு தாங்கியிலுள்ள பெற்றோல் நாளுக்குச் சில நிமிடங்களே செலவாகிறது. வாரக்கணக்கில் கிடந்து பழையதாகிவிடுகிறது. சில வேளை தாங்கி மூடியின் காற்றுத் திருகியைத் திறக்க மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எரிவாயு பூட்டிய பழைய வான் வைத்திருப்போருக்கும் இதே முறைதான். பெற்றோலில் சீராக ஓடி எரிவாயுவில் மட்டும் திணறும் வானுக்கு முதலில் எரிவாயு வடிகட்டியையும் அழுத்தக் குறைப்பானையும் பார்க்காமல் என்ஜினைப் பிரிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் நினைவிருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். இந்த எஞ்சின்களில் அடிக்கடி காணும் கோளாறு, பிளக்கில் கரிபிடித்து ஈரமாகிப்போவது. வலை வாங்கும்போது எஞ்சின் நெடுநேரம் மெதுவாக ஓடுகிறது. அந்த வேகத்தில் அறையின் சூடு தணிந்து மண்ணெண்ணெய் அரைகுறையாக எரிகிறது. அப்போது பெற்றோலுக்கு மாறவேண்டும், கரைக்கு வருமுன்னும் மாறவேண்டும். இது தெரியாத மீனவர் அபூர்வம். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அப்போது பெற்றோல் 450 ரூபா. எரிபொருள் செலவு ஒரே இரவில் ஏறத்தாழ நான்கு மடங்காகும்போது, மனிதர் முதலில் மிச்சம்பிடிப்பது எதில்? சூடாக்கும் சில நிமிடப் பெற்றோலில், எரிபொருளுடன் கலக்கவேண்டிய எண்ணெயில், மாற்றவேண்டிய பிளக்கில். அதன் பின் எஞ்சின் திணறினால் "மண்ணெண்ணெய்தான் காரணம்" என்கிறோம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றுபோனால் கரிபிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பவரும் அதே மீனவர்தான்.

விலையேற்றத்தை ஆதரித்தவர்களின் வாதம் வலுவற்றது என்று நான் சொல்லமாட்டேன். மலிவான மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்பட்டது, தொழிற்சாலைகளுக்கும் போனது. மானியம் தகுதியற்றவர்களிடம் சேர்ந்தது. உண்மைதான். ஆனால் கலப்படக்காரனுக்குப் போட்ட தண்டனையை மீனவர் ஏன் கட்டவேண்டும்? தேவையானவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று அப்போதைய எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகரவே சொன்னார். அப்படியானால் அந்த ஏற்பாட்டை முதலில் செய்து, விலையைப் பிறகு ஏற்றியிருக்கவேண்டும். புதிய அரசு 2024 ஒக்ரோபரில் கடற்றொழிலாளருக்கு எரிபொருள் மானியம் அறிவித்தபோது இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. 87 ரூபா மீண்டும் வரவேயில்லை.

இந்தக் கரைக்கு இது புதிதுமல்ல. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக ஏறியபோது சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 15ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 

யார் மீனவர், யார் கலப்படக்காரர் என்று பிரித்தறிய முடியாது என்ற சாக்கையும் நான் ஏற்கமாட்டேன். 2022 ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையில் கொழும்பின் ஒவ்வொரு காருக்கும் ஓட்டோவுக்கும் வாரத்துக்கு எத்தனை லீற்றர் என்று எண்ணிக் கொடுத்த அரசு இது. படகுகளைப் பதிவது கடற்றொழில் திணைக்களம். அந்த இலக்கம் படகின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, கரையில் நிற்கும் எவரும் வாசிக்கலாம்.