குடிக்காதவர்களின் போதை



இரவு பதினோரு மணிக்கு மேல் கிண்டி கத்திப்பாரா சந்திப்பில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அண்ணா சாலையிலிருந்தும், உள்வட்டச் சாலையிலிருந்தும், பூந்தமல்லி சாலையிலிருந்தும் வரும் வாகனங்கள் மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்னி பஸ்கள், சரக்கு லாரிகள், பாரிமுனையிலும் சவுக்கார்பேட்டையிலும் கொள்முதல் முடித்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்பும் வியாபாரிகளின் கார்கள். இன்னும் சில கிலோமீட்டர் போனால் மீனம்பாக்கம் விமான நிலையம். வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலுமே தரையிறங்குகின்றன. அங்கே வெளிவாசலில் காத்திருக்கும் வேன்களை நமக்கு நன்றாகத் தெரியும். அவை நம்முடையவை.

கீழக்கரையிலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ ஒரு குடும்பம் வேன் பிடித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிறார். மேலப்பாளையம் என்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மாலையில் மண்ணடியில் உறவினர் வீடு. நமக்கு உள்ளே பாயும் தலையணையும் பிரியாணியும் கிடைக்கின்றன. டிரைவருக்கும் பிரியாணி கிடைக்கிறது. ஆனால் படுக்க வண்டியின் சீட்டுதான். தெருவின் சத்தத்திலும் கொசுக்கடியிலும் அவர் புரண்டுகொண்டிருக்கிறார். இரவு விமான நிலையம். விமானம் தாமதம். பெட்டிகள் வந்து, சுங்கம் முடிந்து, கட்டிப்பிடித்து அழுது முடிக்கும்போது மணி இரண்டு. "இப்பவே கிளம்பினா லுஹருக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார் குடும்பத்தின் பெரியவர். யாராவது ஒருவர் கடமைக்குக் கேட்கிறார்: "தம்பி, தூக்கம் வருதா?" பதில் எப்போதும் ஒன்றுதான்: "இல்ல பாய், நீங்க தூங்குங்க."

பத்து நிமிடத்தில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் களைப்பு, விமானத்தில் வந்தவருக்கு அதைவிடக் களைப்பு. விழித்திருக்க வேண்டியவர் ஒருவர். அவரோ இருபத்தொரு மணி நேரமாகக் கண்ணை மூடாதவர். வண்டி விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியைத் தாண்டும்போது அது இருபத்து நான்கு மணி நேரமாகியிருக்கும்.

இந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு என்ன பொருள்? 1997-ல் ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒருமுறை தூங்கவிடாமலும், மறுமுறை மது கொடுத்தும் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவருடையதைப் போல வேலை செய்தன. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது 100 மில்லிகிராம் அளவை ஒட்டி நின்றது. நமது மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம்தான்.

மது வாடையே படாத சமுதாயம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேச உரிமை உண்டு. ஆனால் அந்த வேனை ஓட்டும் நமது சகோதரர், ஒரு சொட்டும் குடிக்காமல், சட்டம் தடுக்கும் அளவைப்போல் மூன்று மடங்கு குடித்தவரின் நிலையில் நம் தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? நாம்தான். போலீசார் வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னாலும் கருவி எதையும் காட்டாது. "நல்ல டிரைவர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது" என்று சான்று கொடுத்து அனுப்பிவைப்போம்.

உறக்கம் கெஞ்சிப் பார்க்கும். பிறகு கேட்காமலே எடுத்துக்கொள்ளும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி என்றால் 100 மீட்டர். விழித்திருப்பவன் ஆபத்தைக் கண்டால் பிரேக்கையாவது மிதிப்பான். உறங்குகிறவன் அதே வேகத்தில் போய் மோதுவான்.

2020 பிப்ரவரி 20 அதிகாலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி ஒன்று சாலை நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு சொகுசு பஸ்சில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று விசாரித்த அதிகாரிகள் கூறினர். பஸ்சில் இருந்தவர்கள் செய்த தவறு என்ன? எதிரே வருகிறவன் தூங்கியிருக்கிறானா என்று அவர்கள் எப்படிக் கேட்டிருக்க முடியும்? கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அதிகாலையில் தனியாகக் காரோட்டி ரூர்க்கி அருகே தடுப்பில் மோதியபோது, தாம் கண்ணயர்ந்துவிட்டதாகவே முதலில் கூறினார். இளமையும் உடற்பயிற்சியும் விலையுயர்ந்த காரும் அந்த நேரத்தில் அவருக்கு உதவவில்லை. பைக்கில் இரவெல்லாம் உணவுப் பொட்டலம் சுமக்கும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இரண்டும் அதிகாலையில் நடந்தவை. இரவு இரண்டு முதல் ஆறு மணி வரை உடம்பின் கடிகாரம் தூக்கத்தின் பக்கமே சாயும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை அதைவிடச் சற்றுக் குறைவாகச் சாயும். ரமலானில் தராவீஹ், ஸஹர் என்று இரவு உறக்கம் இரண்டு துண்டாகிப்போய், பகலில் கடை, அஸருக்குப் பின் இஃப்தாருக்கு அவசரமாக வண்டி ஓட்டும் வியாபாரிகள் இந்தக் கணக்கைத் தங்களுக்கே போட்டுப் பார்ப்பது நல்லது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை என்பதையும், இரவில் பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்கிறவர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, ஏ.சி.யைக் கூட்டுவது, சத்தமாகப் பாட்டோ பயானோ போடுவது, பாக்கு மெல்வது ஆகியவையெல்லாம் நம் டிரைவர்களின் கைவைத்தியங்கள். இவை தூக்கத்தைப் போக்குவதில்லை. சில நிமிடம் மறைத்து வைக்கின்றன. முகம் கழுவுவதும் அப்படியே. பலன் தருவது ஒன்று உண்டு. பெட்ரோல் பங்கு, சாப்பாட்டுக் கடை போன்ற வெளிச்சமான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிடம் தூங்குவது. தேநீர் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி ஆகும். அதற்குள் குட்டித் தூக்கமும் முடிந்திருக்கும். இதுவும் அடுத்த ஊர் வரை போய்ச் சேர மட்டுமே. ஒரு இரவுத் தூக்கத்துக்கு இது ஈடாகாது.

"எல்லாம் களா கத்ர்; மவுத் வர வேண்டிய இடத்தில் வரும்" என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்கல் பேசுவது எந்த மார்க்கம்? தூக்கம் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. கொட்டாவி, கண் எரிச்சல், கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமை, வண்டி ஓரம் போவது என்று பலமுறை கதவைத் தட்டிவிட்டே வருகிறது. இங்கிலாந்தில் 2001 பிப்ரவரி 28 அன்று, இரவெல்லாம் தொலைபேசியில் பேசிவிட்டுக் காலையில் வண்டி எடுத்த ஒருவரின் வாகனம் நெடுஞ்சாலையிலிருந்து சரிந்து இரயில் பாதையில் விழுந்தது. அதில் மோதித் தடம்புரண்ட ரயிலும் எதிரே வந்த சரக்கு ரயிலும் மோதிப் 10 பேர் மாண்டனர். தாம் தூங்கவே இல்லை என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்காமல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. தூங்காத உடம்போடு ஸ்டியரிங்கைப் பிடித்ததே குற்றம் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சிறைக்குப் போவது பெரும்பாலும் டிரைவர்தான். "இப்பவே கிளம்பு" என்று சொன்ன பெரியவரை எந்தப் பிரிவும் தேடுவதில்லை.

அரசு என்ன செய்கிறது? 2022-ல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். மத்திய அரசின் அறிக்கை அதிவேகம், குடி, தவறான பாதை, செல்போன் என்று விதிமீறல்களுக்குக் கட்டம் போட்டுக் கணக்குக் காட்டுகிறது. உறக்கத்துக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. எண்ணாத சாவுக்கு யார் பதில் சொல்வது? 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று அன்றே எழுதி வைத்தது. ஐந்து பேருக்குக் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களை அது தொடவில்லை. ஒரே வண்டி, ஒரே டிரைவர் என்று ஓடும் நம் ஊர் வேன்கள் அந்த வலையில் சிக்கியதே கிடையாது. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். கோவையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பை நடைமுறைப்படுத்த வழி காணும்படி 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் எழுதி அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

தமிழகத்தின் போக்குவரத்து ஆணையரகம் இதே கிண்டியில்தான் இருக்கிறது. விமான நிலையத்துக்கு ஆள் அழைக்க வெளியூர்களிலிருந்து வரும் டிரைவர்கள் கட்டணமின்றிப் படுத்துறங்க அருகிலேயே ஓர் ஓய்வுக்கூடமும், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியை ஓரங்கட்டி உறங்கப் பாதுகாப்பான இடங்களும் அமைக்க அது முன்கை எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். இருக்கும் இடங்களைப் பெருக்கச் சொல்கிறோம்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிவாசல்களில் இஷாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை! முன்புற வராண்டாவில் நான்கு பாய், ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு போதும். எந்த மதத்து டிரைவரானாலும் வந்து படுக்கலாம் என்று ஒரு போர்டு எழுதி வையுங்கள். விழுப்புரம், திருச்சி வழித்தடத்து ஜமாஅத்துகள் இதை இந்த மாதக் கூட்டத்திலேயே பேசட்டும்.

வேன் பிடிக்கிறவர்களுக்கு: வாடகை பேசும்போதே இரண்டாவது டிரைவரின் பேட்டாவையும் சேர்த்துப் பேசுங்கள். முடியாவிட்டால் ஒருநாள் முன்னதாக வந்து, டிரைவருக்கு ஒரு லாட்ஜ் அறையோ, உறவினர் வீட்டில் கதவு சாத்திய ஓர் அறையோ கொடுங்கள். விமானம் நள்ளிரவில் வந்தால் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்தபின் புறப்படுங்கள். அதுவும் டிரைவர் அன்றிரவு உறங்கியிருந்தால் மட்டுமே. வழியில் முன் சீட்டில் ஒருவர் விழித்திருக்க முறை போட்டுக்கொள்ளுங்கள். "தூக்கம் வருதா?" என்று இனிமேல் கேட்காதீர்கள், வாடகை கொடுப்பவரிடம் 'ஆமாம்' என்று சொல்ல எந்த டிரைவருக்கும் வாய் வராது. "நேத்து ராத்திரி எப்பப் படுத்தீங்க? எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேளுங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.