பிரேக் புகாரை எழுதிக் கொடுங்கள்

சிறிய ரக எஸ்.யூ.வி. வைத்திருப்போர் சொல்லும் பிரேக் குறைகள் இவை: கிறீச்சொலி, பஞ்சுபோல் அமுங்கும் பெடல், நடுங்கும் ஸ்டீயரிங். தேய்ந்த பேடையும் ஈரம் உறிஞ்சிய பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. கண்டாலா சரிவில் கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துச் சூடேற்றுவதும் ஓட்டுபவர் தவறே.

ஆனால், புது வண்டிகள் பலவற்றில் ஒரே குறை தோன்றினால், தயாரிப்புக் கோளாறு என்றே ஐயுற வேண்டும். அத்தகைய வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 2019 திருத்தச் சட்டத்தால் மத்திய அரசுக்கு வந்தது. 2021 ஏப்ரல் முதல் விதிகளும் அமலாயின. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. எனினும், போதிய புகார்கள் சேர்ந்தால்தான் அரசு அசையும்.

சர்வீஸ் நிலையத்தில் வாயால் முறையிட்டுத் திரும்பினால் கணக்கில் சேராது. ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். அரசின் வாகன் தளத்திலும் பதியுங்கள்.