எந்த முனையால் கோடு கிழிப்பது?

போன இதழின் அட்டையைப் பார்த்த பலரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். 'என்ன தோழர், அந்தக் கெழவி மொகம் வெள்ளையடிச்ச செவுரு மாதிரி இருக்கு?' வரைந்த தம்பி கல்லூரி மாணவன். நடவுக்குப் போய்வந்த தன் சொந்தப் பாட்டியை உட்காரவைத்து வரைந்தான். நெற்றியிலும் கழுத்திலும் ஒரு சுருக்கம் விடாமல் பிடித்திருந்தான், மூலப்படத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். அச்சில் கண்ணும் கொண்டையும்தான் மிஞ்சின. அவன் படிக்கிற இடத்து ஓவிய ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு 'உங்களுக்கெல்லாம் கோடு வராதுப்பா' என்றாராம். அந்த 'உங்களுக்கெல்லாம்' யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

குற்றவாளி அவன் கையல்ல, நான். முனை மெலிய மெலியப் படம் நுட்பமாகும் என்கிற மூடநம்பிக்கையில், சம்பளம் வந்த அன்று கடையில் இருந்ததிலேயே மெல்லிசான பேனாவை வாங்கிக் கொடுத்தேன். ஜப்பானின் சக்குரா கம்பெனியின் மைக்ரான், 005. பேங்கில் நாள் முழுக்க எண்களோடு கிடக்கிற நானே இந்த எண்ணில் ஏமாந்தேன். 005 என்றால் 0.05 மில்லிமீட்டர் இல்லை, 0.20. சரி, அதுவே மெல்லிசுதான். ஏ3 தாளில் வரைந்ததை ஏ5 அட்டைக்குச் சுருக்கினோம். நீளம் பாதி, அகலம் பாதி, கோட்டின் தடிமனும் பாதி. 0.10 மில்லிமீட்டர் கோடு நாம் வாங்குகிற மலிவுத் தாளில் எப்படி நிற்கும்? அங்கங்கே அறுந்து காணாமல் போனது. அதே படத்தை 05இல், அதாவது 0.45இல் போட்டிருந்தால் பாட்டியின் முகம் பிழைத்திருக்கும்.

இந்தக் கணக்கை எஞ்சினியர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். 1953இல் ஜெர்மனியின் ரோட்ரிங் கொண்டுவந்த ராப்பிடோகிராஃப் போன்ற குழாய்முனைப் பேனாக்களின் அளவு வரிசையைப் பாருங்கள்: 0.25, 0.35, 0.5, 0.7. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. ஏ4 படத்தை ஏ3 ஆகப் பெருக்கினால் 0.35 கோடு 0.5 ஆகிவிடும், 0.5 பேனாவால் மேலே வேலையைத் தொடரலாம். அருமையான பேனாதான். ஆனால் நாலு நாள் தொடாமல் வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கழுவப்போனால் உள்ளே இருக்கிற மயிரிழைக் கம்பி வளைந்துவிடும். மாதம் ஒரு படம் போடுகிற நமக்கு அது கட்டுப்படியாகாது.

ஜெல் பேனா போதுமே என்பார்கள். சாயமை என்றால் தண்ணீர் பட்டதும் கரையும், வெயிலில் வெளுக்கும். நிறமித் துகள் கலந்த மையாகப் பார்த்து வாங்குங்கள்; சக்குராவின் அந்த மை 1982இல் வந்தது. கடையிலேயே ஒரு கோடு கிழித்து, கொஞ்சநேரம் பொறுத்து ஈரவிரலால் தேய்த்துப் பார்த்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நார்முனைப் பேனாவை அழுத்தி எழுதினால் முனை உள்ளே போய்விடும். பென்சில்கரி அப்பிய இடத்தில் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆறு பேனா கொண்ட பெட்டியெல்லாம் வேண்டாம். 01 ஒன்று, 05 ஒன்று, போதும்.

இன்னொரு விஷயம், இதில் சண்டைக்கும் தயார். இந்தப் பேனாக்கள் எல்லாம் ஒரே தடிமனில் கோடு போடத்தான் பிறந்தவை. கட்டட வரைபடத்துக்கு அது சரி. மனுஷ முகத்துக்கு? காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். (காந்தியோடு நமக்கிருக்கிற வழக்கு வேறு, அதை இங்கே கொண்டுவரவில்லை.) கோடு அங்கே ஒரே சீராக ஓடுவதில்லை. நான் கேட்பது அப்படி உயிருள்ள கோட்டை. மைதொட்டு எழுதும் சாதாரண இரும்பு நிப்பும் ஒரு புட்டி இந்தியன் இங்க்கும் இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு பருக்கும், மெலியும். ஆரம்பத்தில் மை கொட்டும், விரல் கறுக்கும். கறுத்த விரலோடு நான் கவுண்டரில் உட்கார்ந்து ரூபாய்த்தாள் எண்ணியிருக்கிறேன்.

அச்சான அட்டையைத் தம்பி பாட்டியிடம் காட்டியிருக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எம் மூஞ்சி எங்கடா?' என்று கேட்டதாம் கிழவி. ரெண்டு மாசம் அவன் பேனாவைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்க, நிப்பை மையில் தொட்டு மறுபடி வரைந்துகொண்டிருந்தான். நெற்றிவரை வந்திருந்தது.